முக்கால் துண்டு கேக்

பகல் 1.40.

கேக் கடையின் பின்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மகள் உள்ளே வந்தாள். அம்மாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். மசித்த மீனும் கொஞ்சம் தயிரும், ஒரு குழந்தைக்குக்கூடப் பற்றாத அளவு. அந்த டப்பா அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது.

அம்மா நீளமான எஃகு மேசைக்கும் அடுப்புச் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, உதடு வெளுத்திருந்தது. எத்தனை உலுக்கியும் கண் திறக்கவில்லை. மேசைமேல் ஒரு தட்டு. தட்டில் முக்கால் பங்கு தின்ற ஒரு துண்டு கிரீம் கேக்.

அலறல் கேட்டு முன்பக்கத்திலிருந்து அம்மாவின் தங்கை ஓடிவந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அடுப்பை விட்டுக் கேக் மாஸ்டர் ஓடிவந்தார். தட்டைப் பார்த்ததும் மூன்று பேருக்கும் ஒரே நினைப்புத்தான் ஓடியது. வாய்விட்டுச் சொன்னவள் தங்கை.

"ஐயோ, அக்கா! கடைசியில கேக்கைத் தின்னுட்டியா?"

அந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்று தெரிய வேண்டுமானால், ஏழு மாதம் பின்னால் போக வேண்டும். அந்தக் கடைக்குச் சொந்தக்காரி அந்த அம்மாதான். ஊரே அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடும். கல்லாவையும் முன்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளும் தங்கை சின்னக்கா. பெரியக்காவின் எடை நூற்று இருபத்தெட்டு கிலோவைத் தொட்டபோது முழங்கால் ஓய்ந்தது, மூச்சு வாங்கியது. பயந்துபோய் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். வயிற்றை ஒரு முட்டையளவுக்குச் சுருக்கிக் குடலோடு இணைத்துவிட்டார்கள். அதன்பின் சாப்பாடு என்பது சின்னக் கிண்ணத்தில், சின்ன ஸ்பூனில், கூழாக மென்று, அரை மணி நேரம். இனிப்பு வாசனையோடு சரி. நாள் முழுக்கச் சர்க்கரை வாசத்திலேயே நின்று அவள் நாற்பத்தொரு கிலோ இறக்கியிருந்தாள். அப்படிப்பட்டவள் மேசையில்தான் இந்தத் தட்டு.

ஆம்புலன்ஸ் வந்ததும் மகள் ஒரு காரியம் செய்தாள். பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். துப்பு அழியக் கூடாதென்றல்ல. அந்தத் தட்டை யாரும் பார்த்துச் சிரித்துவிடக் கூடாதென்றுதான்.

பகல் 3.05. மருத்துவமனை.

"ரத்தத்துல சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிடுச்சு" என்றார் டாக்டர். "குளுக்கோஸ் ஏத்தினேன், ஏறுச்சு. அரை மணியில மறுபடி விழுந்துச்சு. திரும்ப ஏத்தினேன், திரும்ப விழுது. இந்த ஆபரேஷன் பண்ணவங்க இனிப்பு சாப்பிட்டா சர்க்கரை திடீர்னு ஏறித் திடீர்னு இறங்கும், தெரியும். ஆனா அதுவா இருந்தா ஒரு பாட்டில்ல எழுந்து உக்காந்திருக்கணும். சர்க்கரையை இறக்குற வேற ஏதோ உள்ள போயிருக்கு. எதுன்னு தெரிஞ்சா மாத்து மருந்து இருக்கு. தெரியாம இப்படியே போனா மூளை தாங்காது. சாயங்காலம் வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

இதை அவர் சொன்னது இரண்டு பேரிடம். ஒருவர் இன்ஸ்பெக்டர். இன்னொருத்தி அந்த மருத்துவமனையின் உணவு ஆலோசகர். சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு முதல் வகுப்பிலேயே ஒரு கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, "இனிமே உங்க வயிறு இவ்ளோதான்" என்று சொல்கிறவள். அதனால் கிண்ணம் டீச்சர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"கேக் கடையில உக்காந்து வயித்தைச் சுருக்கறது, மீன் கடைக்குப் பூனையைக் காவல் வெச்ச மாதிரி" என்றார் இன்ஸ்பெக்டர், வண்டியில் ஏறிக்கொண்டே.

"அந்தப் பூனை ஏழு மாசமா மீனைத் தொடலை சார்" என்றாள் டீச்சர். "எனக்கு அந்த ரூமைப் பார்க்கணும்."

பகல் 3.25. கடை.

மகள் பூட்டைத் திறந்தாள். அடுப்புச் சுவரின் வெக்கை முகத்தில் அடித்தது. டீச்சர் எதையும் தொடவில்லை, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எடை போடும் தராசு. மாவு டப்பாக்கள். சுவர் அலமாரியில் பெரியக்காவின் கிண்ணமும் ஸ்பூனும், காலையில் கழுவிக் கவிழ்த்தபடி ஈரமின்றி. மேசையில் அந்தத் தட்டு. இடப்பக்கம் முள்கரண்டி. வலப்பக்கம், முக்கோணமாக மடித்த காகிதத்தின் மேல் ஒரு கண்ணாடி டம்ளர், பாதித் தண்ணீருடன். கேக்கின் கிரீம் உருகித் தட்டெல்லாம் வழிந்திருந்தது.

"நீ பார்த்தப்பவும் இப்படித்தான் வழிஞ்சிருந்ததாம்மா?"

மகள் யோசித்தாள். "இல்ல. அப்ப கிரீம் விறைப்பா நின்னுச்சு. பூ வெச்சது கலையாம."

டீச்சர் தலையாட்டினாள். தராசுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருந்தது. பெரியக்கா எது சாப்பிட்டாலும், அதில் எழுதாமல் விடமாட்டாள். அன்றைய பக்கம் இது:

காலை 8.00. முட்டை ஒன்று, மசித்தது. பாதிதான் இறங்கியது.
9.15. தண்ணீர், மடக்கு மடக்காக.
11.00. புரதப் பவுடர் கரைசல், ஒரு டம்ளர். கசப்பு. முழுதும் குடித்தேன்.

அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"கேக்னு எழுதலையே" என்றாள் மகள், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்தவள்போல.

"திருடித் தின்னவங்க கையெழுத்துப் போட்டுட்டா தின்பாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டீச்சர் நோட்டை முன்னால் புரட்டினாள். மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கமொன்றை அவரிடம் நீட்டினாள். 'ஐசிங், ஒரு விரல். வெட்கமாக இருக்கிறது' என்றிருந்தது. இன்ஸ்பெக்டர் படித்தார். பிறகு பூனைக் கதை பேசவில்லை.

விசாரணை கடையின் முன்பக்கத்திலேயே நடந்தது, கேட்டவர் இன்ஸ்பெக்டர்.

"மாஸ்டர், நீங்க சுகர் மாத்திரை சாப்பிடுறவரா?"

மாஸ்டரின் கை சட்டைப் பைக்குப் போனது. "ஆமா. அதுக்கென்ன?"

"பெரியக்கா மேல கோபமா?"

"கோபம் இல்லாம? 'சக்கரையைக் குறை, வெண்ணெயைக் குறை.' இது கேக் கடையா கஷாயக் கடையா? மூஞ்சிக்கு நேராவே கேட்டிருக்கேன். அதுக்காக... இருபது வருஷமா அந்தக் கை போட்ட சோத்தைத் தின்னவன் சார் நான்!"

"புரதக் கரைசலை யார் கலக்குவா?"

"அக்காவேதான். பத்து மணிக்குக் கலக்கி, மூடி போட்ட பாட்டில்ல முன்னாடி குளிர்பெட்டியில வெச்சுடுவாங்க. பதினோரு மணிக்கு எடுத்துக் குடிப்பாங்க."

"நீங்க எடுத்துக் குடுக்கிறதுண்டா?"

"நான் எங்க முன்பக்கம் போறது? மாவுக் கையோட கஸ்டமர் முன்னாடி வரக் கூடாதுன்னு சின்னக்கா சட்டம் போட்டு வெச்சிருக்கு. தாண்டினா தீர்ந்தேன்."

அடுத்து சின்னக்கா. ஒடிசலான உடம்பு, கலையாத புடவை மடிப்பு, கண் சிவந்திருந்தது.

"நீங்க பின்னறைக்குப் போனீங்களா?"

"காலையிலேர்ந்து இந்தக் கல்லாவை விட்டு அசையலை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு அனுப்பணும், வர்றவங்களுக்குத் தட்டு வெக்கணும். பின்னாடி போக எனக்கு நேரமேது? இவ கத்தினப்பதான் ஓடினேன்."

"அக்கா இளைச்சது உங்களுக்குச் சந்தோஷமா?"

"இதென்ன கேள்வி? வர்றவங்க எல்லாம் 'இது உங்க தங்கச்சியா?'னு அவளைக் காட்டிக் கேக்கறாங்க. என்னைவிட ஏழு வயசு மூத்தவ. சந்தோஷமாத்தானே இருக்கணும்?"

இன்ஸ்பெக்டர், டீச்சரைத் தனியே இழுத்தார். "மாஸ்டரைத் தூக்கிடறேன். மாத்திரை கையில இருக்கு, கோபம் வாயில இருக்கு."

டீச்சர் தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. கிறுகிறுன்னு வருது. ஒரு துண்டு கேக் கிடைக்குமா?"

மகள் பொங்கிவிட்டாள். "எங்கம்மா அங்க உயிருக்கு இழுத்துட்டுக் கிடக்கறா. உங்களுக்கு இப்ப கேக் கேக்குதா? மனுஷிதானா நீங்க?"

மாஸ்டர் பாவம், ஓடிப்போய் ஒரு துண்டை வெட்டி, வெண்ணெய்க் காகிதத்தில் வைத்து உள்ளங்கையில் ஏந்தி வந்தார். "இந்தாங்கம்மா, சட்டுனு வாயில போடுங்க."

"கையில வாங்கிச் சாப்பிட்டுப் பழக்கமில்லையே..."

சின்னக்கா எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் எங்கோ இருந்தது, கைகள்மட்டும் நடந்தன. அலமாரியிலிருந்து தட்டு. குளிர்பெட்டியிலிருந்து துண்டு. எல்லாவற்றையும் டீச்சரின் முன்னால் வைத்தாள்.

மணி 4.10.

"இன்ஸ்பெக்டர் சார்" என்றாள் டீச்சர். கிறுகிறுப்பு போன இடம் தெரியவில்லை. "பின்னறையில இருக்கிற தட்டையும் கொண்டுவந்து இது பக்கத்துல வைங்க. அலுங்காம."

இரண்டு தட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இடப்பக்கம் முள்கரண்டி, இடப்பக்கம் முள்கரண்டி. வலப்பக்கம், முக்கோணமாக மடித்த காகிதத்தின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர். அதேபோல் இன்னொன்று.

இன்ஸ்பெக்டர் ஒன்றைப் பார்த்தார், பிறகு மற்றதைப் பார்த்தார்.

"கேக்கைத்தான் எல்லாரும் பார்த்தீங்க. தண்ணியை யாரும் பார்க்கலை" என்றாள் டீச்சர். "இந்த ஆபரேஷன் பண்ணவங்க சாப்பிடறப்ப தண்ணி குடிக்க மாட்டாங்க. குடிச்சா அந்தச் சின்ன வயிறு பிதுங்கி, உயிர் போற வலி வரும். சாப்பிட்டு அரை மணி கழிச்சுத்தான் தண்ணி. பெரியக்கா கேக்கைத் திருடித் தின்னாங்கன்னே வைங்க. பக்கத்துல தண்ணி வெச்சுக்கிட்டுப் பாதி டம்ளர் குடிச்சிருக்க மாட்டாங்க. இன்னொண்ணு. இனிப்பு தின்னு சர்க்கரை விழணும்னா ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த வெக்கையில ஒரு மணி நேரம் கிரீம் விறைப்பா நிக்காது. கேக் வந்தப்ப அவங்க ஏற்கெனவே தரையில கிடந்தாங்க. சின்னக்கா, அதை வெச்சது நீங்க."

"எனக்கு அவ தண்ணி குடிக்க மாட்டான்னு தெரியாதா? ஏழு மாசமா பாக்கறேன்!"

"தெரியும். உங்க மூளைக்குத் தெரியும். இருபது வருஷமா கேக் தட்டு வெச்ச கைக்குத் தெரியாது."

சின்னக்கா தன் கைகளைப் பார்த்தாள், அவை வேறு யாருடையவோ போல.

"வீட்டுக்காரரோட மாத்திரை குளிர்பெட்டியில இருந்த பாட்டிலுக்குள்ள போச்சு" என்றாள் டீச்சர், குரலைத் தாழ்த்தி. "நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். எந்த மாத்திரை? எத்தனை? உங்கக்காவுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு."

"நான் ஒண்ணும்..."

"சித்தி" என்றாள் மகள். கத்தவில்லை. "எங்கம்மாவைக் குடுத்துடு சித்தி."

பொறாமை என்பது பெரிய பெரிய பல்லோடு வருவதில்லை. இத்தனை நாள் உடனிருந்து தட்டு கழுவிய கையோடுதான் வரும். சின்னக்கா உட்கார்ந்துவிட்டாள்.

"சாகணும்னு நினைக்கலை. சத்தியமா நினைக்கலை. லேசா மயங்கினாப் போதும்னுதான்... கேக்கைத் தின்னுட்டு விழுந்தாள்னு நாலு பேர் பேசணும். வெக்கப்பட்டு அவளே இதையெல்லாம் விட்டுடணும். பழைய மாதிரி ஆயிடணும். சின்ன வயசுலேர்ந்து அவ குண்டு, நான் அழகு. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்." அவள் மாத்திரையின் பெயரைச் சொன்னாள். எண்ணிக்கையையும் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் அதற்குள் டாக்டருக்குப் போனில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இந்த முக்கால் துண்டு?" என்று கேட்டார் மாஸ்டர். "இதை யார் தின்னது?"

"தின்ன மாதிரி இருக்கணுமே" என்றாள் சின்னக்கா. "அவ கீழ கிடந்தா. மூச்சு வந்துட்டுத்தான் இருந்துச்சு. நான் பக்கத்துல நின்னு தின்னேன். தொண்டையில இறங்கலை. தண்ணி குடிச்சுக் குடிச்சு இறக்கினேன்."

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலை 4.30. மாற்று மருந்து ஏறியது. 5.15. சர்க்கரை விழாமல் நின்றது. 6.00. நின்றது. 6.45. அப்போதும் நின்றது. டாக்டர் அதன்பிறகுதான் உட்கார்ந்தார்.

இரவு 7.20. பெரியக்கா கண் திறந்தாள். மகளின் முகத்தைத் தெரிந்துகொள்ளச் சற்று நேரமானது. எதையும் மறைக்கத் தெரியாத பெண் அது. டாக்டர் தடுத்தும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கட்டில் அருகே டீச்சர் நின்றிருந்தாள்.

பெரியக்கா உலர்ந்த உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"கசந்துச்சு" என்றாள், காற்றுப்போல. "முதல் மடக்குலயே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏம்மா துப்பலை?" மகள் அழுதாள். "ஏம்மா முழுசா குடிச்சே?"

"அவ கல்லாவுல இருந்து பார்த்துட்டே இருந்தா. இந்த ஏழு மாசத்துல என் சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல. இன்னிக்குத்தான், 'பாட்டில்ல இருந்ததைக் குடிச்சியாக்கா?'ன்னு கேட்டா." கண்ணோரம் ஈரம் வழிந்து காதுக்குள் இறங்கியது. "அந்த சந்தோஷத்துலதான், மிச்சம் வைக்காம குடிச்சேன்."