கை படும் பக்கம்

காலை 9.40. துணி வெளுக்கும் ஆலையில் தொட்டி கழுவ இறங்கியவன் உயிரோடு ஏறவில்லை. அடியில் ப்ளீச்சிங் பவுடர் மிச்சமிருந்தது. அதன்மேல் அவன் ஊற்றியது ஆசிட். கிளம்பிய புகை மூச்சை அடைத்துவிட்டது.

கேனை எடுத்துக் கொடுத்தவள் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அவன் சொந்த அக்கா.

11.15. ஸ்டோருக்கு வந்த இன்ஸ்பெக்டர் கடைத்தெருவில் வளர்ந்தவர். சரக்கைத் திருப்பிப் பார்க்காமல் விலை பேசாத ஜாதி. கூடவே மேனேஜர். முதலாளி மனைவியின் தம்பி என்பதால், முதுகுக்குப் பின்னால் ஆலை முழுவதற்கும் அவர் 'மச்சான்'.

மச்சான் கேனைக் காட்டினார். "பாருங்க சார், லேபிள்ல ஆசிட் கையில சொட்டி அரிக்கிற படம் பளிச்னு இருக்கு. இந்தம்மா கவனிக்கல, தம்பி போயிட்டான். கூட்டிட்டுப் போங்க."

"நான் கொடுத்தப்ப லேபிளே இல்ல சார்." அக்கா அழவில்லை, குரல் மட்டும் வறண்டிருந்தது. "தொட்டி கழுவுற சோப்புன்னு நேத்து இவர்தான் இறக்கினார்."

இன்ஸ்பெக்டர் அலமாரியைக் காட்டினார். "மத்த கேன்ல எல்லாம் வழிஞ்ச கறை லேபிளுக்குப் பின்பக்கமே இருக்கே, ஏம்மா?"

"லேபிளை உள்ளங்கையில வெச்சுப் பிடிச்சுத்தான் ஊத்துவோம். இல்லேன்னா வழியறது படத்தை அழிச்சிடும்."

"மேனேஜர் சார், நீங்க ஊத்தியிருக்கீங்களா?"

மச்சான் சிரித்தார். "அதுக்குத்தான் ஆள் வெச்சிருக்கோமே."

இன்ஸ்பெக்டர் செத்தவன் ஊற்றிய கேனை வெளிச்சத்தில் திருப்பினார். தூசியில் ஒரு மஞ்சள் கோடு. வாயிலிருந்து இறங்கி, லேபிளின் மேல் விளிம்பில் நின்றது. கீழ் விளிம்பில் மறுபடி ஆரம்பித்தது. லேபிளில் சொட்டுக் கறை இல்லை.

"ஆசிட் லேபிளைத் தாண்டிக் குதிச்சுதா?"

மச்சானின் சிரிப்பு நின்றது. இன்ஸ்பெக்டர் நகத்தால் லேபிளின் ஓரத்தைக் கிளப்பினார். லேபிளுக்கு அடியில் கோடு தொடர்ந்தது.

"சோப்புன்னு சொல்லி லேபிள் இல்லாத கேன்ல ஆசிட்டை இறக்கினீங்க. ஆள் செத்ததும் ஓடிவந்து லேபிளை ஒட்டினீங்க, அதுவும் வழிஞ்சதுக்கு மேலயே. பழி இந்தம்மா தலையில. கை படற பக்கமா ஒட்டியிருந்தா நானும் ஏமாந்து, இவங்களைத்தான் கூட்டிட்டுப் போயிருப்பேன். ஆனா அந்தப் பக்கம் எதுன்னு ஊத்தினவங்களுக்குத்தான் தெரியும்."

கான்ஸ்டபிள் மச்சானின் தோளைத் தொட்டார்.

"அப்ப நான் இல்லையா சார்?"

"நீங்க இல்லம்மா."

"எடுத்துக் கொடுத்த கை இதுதானே" என்றாள் அக்கா. உள்ளங்கையைத் துணியில் துடைத்தாள். பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.