ஆடுகள் விழுந்த வயல்

"அப்பா! பெரியம்மா விழுந்துடுச்சு!"

வாண்டு அலறினாள். பெரியம்மா என்பது அவர்கள் மந்தையிலேயே மூத்த வெள்ளாடு. அது வாயில் நுரை தள்ள, கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது.

அப்பா திரும்புவதற்குள், பக்கத்தில் நின்ற கறுப்புக் கிடாவும் தொப்பென்று சரிந்தது.

சற்று முன்புதான் எவ்வளவு சந்தோஷம்! கோடை முழுக்க ஆடுகளுக்கு முள்மரக் காயும் காய்ந்த சருகும்தான் தீனி. போன வாரம் ஒரு தூறல் விழுந்ததும், அறுவடை முடிந்த சோளக்காட்டில் அடிக்கட்டைகள் பச்சைப் பசேலென்று துளிர்த்தன. "தாராளமா மேய விடுங்க" என்றார் காட்டுக்குச் சொந்தக்கார மாமா. ஆடுகள் பாய்ந்து ஓடின. அதற்குள் இப்படி!

"பாம்பு கடிச்சிருக்குமோ?" என்றார் அப்பா. கை கால் ஓடாமல் அப்படியே நின்றார். அந்த ஆடுகளை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

வாண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். வரப்போரம் சருகு கடித்த குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. விழுந்த இரண்டின் வாயிலும் பச்சைத் துளிர்.

"பாம்பு இல்லப்பா! அந்தத் துளிர்லதான் என்னமோ இருக்கு! டாக்டரக் கூப்பிடுங்கப்பா!"

அப்பா செல்போனைத் தேடினார். வாண்டு ஓர் ஆட்டை வெளியே இழுத்தாள். இன்னும் மூன்று உள்ளே புகுந்தன. கத்தினாள், கை தட்டினாள். மாதக்கணக்கில் பச்சையையே பார்க்காத ஆடுகள் காதில் வாங்கவே இல்லை.

சட்டென்று காலி சாப்பாட்டு டப்பாவில் கூழாங்கற்களை அள்ளிப் போட்டுக் குலுக்கினாள். சலசல! சலசல! சாயங்காலம் தானியம் வைக்கும்போது அம்மா குலுக்கும் அதே சத்தம்!

ஆடுகள் தலை தூக்கின. அடுத்த நொடி அவள் பின்னால் ஓட்டமாய் ஓடி வந்தன. நேராகப் பட்டிக்குள் போய்த்தான் வாண்டு நின்றாள். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்த ஓர் ஆடு அவளை முறைத்தது.

"கோச்சுக்காத. இன்னிக்கு மட்டும்தான் பொய்" என்றாள் மூச்சிரைக்க.

பட்டியை அடைத்துவிட்டுத் திரும்பி ஓடினாள். அதற்குள் கால்நடை டாக்டர் அக்கா பைக்கில் பறந்து வந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

"காஞ்ச சோளக்கட்டையில திடீர்னு வர்ற துளிர் விஷம் அண்ணே. எல்லாம் இன்னும் கொஞ்சம் மேய்ஞ்சிருந்தா மந்தையே போயிருக்கும்."

அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "பச்சையாத்தானே இருந்துச்சு... பச்சையாத்தானே இருந்துச்சு..." என்று முணுமுணுத்தார்.

கறுப்புக் கிடா எழவேயில்லை. வாண்டு அதன் காதைத் தடவியபடி விசும்பினாள்.

வெகுநேரம் கழித்துப் பெரியம்மா மெல்லக் காலூன்றியது. தள்ளாடியது. உடம்பை ஓர் உதறு உதறியது. பிறகு, வழியில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்பதுபோல, அப்பாவின் முதுகில் ஒரு முட்டு முட்டியது.

"ஐயோ!" என்று குப்புற விழுந்த அப்பா, விழுந்த இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்தார்.