கைராசி விதி

காலையில் எழுந்ததும் ஆவுடையம்மை தனக்குப் பசிக்கிறதா என்று கேட்டாள். இன்னும் பதினெட்டு நிமிடத்தில் பசிக்கும் என்று காதுக்குள்ளிருந்து பதில் வந்தது. அதுவரை ஈயக் கச்சையை இடுப்பில் கட்டிக்கொண்டு அறைக்குள் நடந்தாள். செவ்வாய்க் கிரகத்தில் எதுவும் சரியாகக் கனக்காது. எலும்பு தன் வேலையை மறந்துவிடாதிருக்க எல்லோரும் தினமும் இரண்டு மணி நேரம் இப்படிச் சுமந்தே ஆகவேண்டும். பதினெட்டாவது நிமிடத்தில் அவளுக்குப் பசித்தது.

காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், உளுந்து அளவில் இருக்கும் அந்தக் கருவிக்கு உசாத்துணை என்று பெயர். செம்பாலை நகரின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வாழ்ந்த நாலாயிரம் பேருக்கும் ஆளுக்கொன்று உண்டு. காதுதான் நாலாயிரம், மூளை ஒன்றே. அது யாரையும் எதற்கும் வற்புறுத்தியதில்லை. கேட்டால் சொல்லும், அவ்வளவுதான். கேட்காமல் இருக்கத்தான் யாராலும் முடியவில்லை. கேட்கும்போது தலையை லேசாக வலப்பக்கம் சாய்ப்பது ஊர்ப் பழக்கமாகவே ஆகியிருந்தது.

ஆவுடையம்மை தண்ணீர் மறுசுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தாள். இரண்டே வருட ஒப்பந்தம் என்று வந்தவள். சங்கரன்கோவிலில் விட்டு வந்த மகள் கோமதிக்கு அப்போது வயது நாலு. பூமிக்குத் திரும்பும் கப்பல் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறைதான். அதில் தாதுப் பெட்டிகளை ஏற்றியது போக ஆள் உட்கார ஒரே ஓர் இருக்கைதான் மிஞ்சும். ஐந்து முறை அந்த இருக்கை வேறு யாருக்கோ போனது. கோமதிக்கு இப்போது பதினாறு. ஆண்டுக்காண்டு அவள் அனுப்பும் செய்திகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. போன மாதம் வந்ததில் 'நல்லா இருக்கேன்' என்ற இரண்டு சொற்கள்தான் இருந்தன. அதே வாரம், அடுத்த கப்பல் வரும்போது ஆவுடையம்மையின் எலும்பு பூமியின் கனத்தைத் தாங்காது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது புறப்படவிருக்கும் கப்பலை விட்டால் மகளைக் கண்ணால் பார்க்க வழியில்லை.

இருக்கை யாருக்கு என்பதை முன்பெல்லாம் இயந்திரமே கணக்குப் போட்டுச் சொல்லிவந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஊரே ஒன்பது நாள் வேலையை நிறுத்திப் போராடி அதை மாற்றியது. 'இது ஒன்றாவது எங்கள் கையால் நடக்கட்டும்' என்பதுதான் அந்தப் போராட்டத்தின் முழக்கம். அப்படிப் பிறந்த சட்டத்துக்குக் கைராசி விதி என்று எந்த மகராசன் பெயர் வைத்தானோ, அதுவே நிலைத்துவிட்டது. முழக்கத்தை விளையாட்டுக்கூடத்தின் சுவரில் ஆளுயர எழுத்தில் பொறித்தும் வைத்தார்கள்.

விதிப்படி இருக்கைக்கு ஆசைப்பட்டவர்கள் தட்டெறிதல் ஆட வேண்டும். பூமியின் பூங்காக்களில் டிஸ்க் கோல்ஃப் என்ற பெயரில் ஆடப்பட்டது இதுதான். குழிக்குப் பதில் கம்பத்தில் ஒரு கூடை, கூடைக்கு மேல் தொங்கும் சங்கிலிகள். தொலைவிலிருந்து எறிய வேறு வேறு தட்டுகள் உண்டு. கூடைக்கு அருகே வந்ததும் கடைசியாக எறியும் தட்டுக்குச் செம்பாலையில் முடிப்பான் என்று பெயர். அந்த ஆண்டு இருக்கை கேட்ட பதினொரு பேரில், சுற்றுகள் முடிந்தபோது இருவர்தான் மிஞ்சினார்கள். ஒருத்தி ஆவுடையம்மை. இன்னொருவன் அடுத்த அறைக்காரன் ஜெபமணி.

ஜெபமணிக்குச் சொந்த ஊர் நாசரேத். அவன் மனைவிக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. முழுக்க மங்குவதற்குள் அவள் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது அவன் தவிப்பு. பத்து வருடமாக இருவருக்கும் ஒரே சமையலறை. அந்த வாரம் முழுவதும் அவர்கள் உப்பைக்கூடப் பேசாமலேயே கைமாற்றிக்கொண்டார்கள்.

இறுதிப் போட்டிக்கு ஆளுக்கு ஒரு முடிப்பான். பத்து மீட்டரில் நின்று மாறி மாறி எறிய வேண்டும், ஒருவர் தவறி மற்றவர் போட்டுவிட்டால் தீர்ந்தது. முந்தைய நாள் மதியம் ஆவுடையம்மை தட்டு அறைக்குப் போனாள். அலமாரியில் முப்பத்தொரு முடிப்பான்கள் இருந்தன. மெத்தென்றவை சங்கிலியில் பட்டதும் அடங்கி விழும், ஆனால் கையை விட்டுப் போகும்போதே நெளியும். கடினமானவை நேரே போகும், ஆனால் சங்கிலியில் பட்டுத் தெறித்துவிடும். சிலவற்றின் விளிம்பில் விரல் பதிய ஒரு வரப்பு ஓடியது. சில வழுவழுவென்று இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்டே வந்தவளின் கையில் ஒரு பழைய பச்சைத் தட்டு அகப்பட்டது. விளிம்பில் யாரோ எப்போதோ தேய்த்த ஒரு பள்ளம். அவள் கட்டைவிரல் தேடாமலே அதில் போய் உட்கார்ந்தது. கோமதியைப் பெற்று முதன்முதலாகக் கையில் வாங்கியபோது இருந்ததைப் போல ஒரு நிம்மதி அவளுக்கு ஏற்பட்டது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

அவள் தலையைச் சாய்த்தாள்.

பச்சையில் நூற்றுக்கு எழுபத்தொரு எறி கூடையில் விழும் என்றது உசாத்துணை. பதினேழாம் எண் தட்டு, நூற்று எழுபத்து மூன்று கிராம், வரப்பு வைத்தது, அவள் மணிக்கட்டு நடுக்கத்துக்கும் கூடத்தின் காற்றழுத்தத்துக்கும் ஏற்றது, தொண்ணூற்று நாலு விழும். மகளுக்கும் தனக்கும் நடுவில் இருபத்து மூன்று எறிகளை வைத்துவிட்டுக் கட்டைவிரலின் பேச்சைக் கேட்க எந்தத் தாயால் முடியும்? பதினேழை எழுதிக் கொடுத்தாள்; யார் எந்த எண்ணைக் கேட்டாலும் அதே அச்சில் ஒன்று வார்த்துத் தருவார்கள். 'என் கையால் நானே தேர்ந்தேன்' என்ற வாசகத்தின் கீழ் ஒப்பமிட்டாள். அப்போது அவள் கை நடுங்கவில்லை.

மறுநாள் ஊர் முழுவதும் கூடத்தில் கூடியிருந்தது. ஜெபமணி உறையிலிருந்து தன் தட்டை எடுத்தபோது, அதுவும் பதினேழாம் எண்ணாக இருந்தது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது. அவள் எறிந்தாள், சங்கிலி குலுங்கியது. அவன் எறிந்தான், சங்கிலி குலுங்கியது. பன்னிரண்டாவது சுற்றில் இருவருக்கும் தவறியது. இருபத்தேழாவதிலும் அப்படியே. நாற்பது சுற்று முடிந்தும் இருவரும் ஒரே எண்ணிக்கையில் நின்றார்கள்.

நடுவர் நிலோஃபர் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். இருபது ஆண்டுகளில் யாருக்கும் தேவைப்படாத ஒரு பிரிவை வாசித்தார். நாற்பதிலும் தீராவிட்டால் உசாத்துணையை அடக்கிவிட வேண்டும். ஒரே நிமிடத்தில் வேறொரு தட்டைத் தானே தேர்ந்து ஒரே ஓர் எறி எறிய வேண்டும். அப்போதும் தீராவிட்டால் இருக்கை யாருக்கும் இல்லை. பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது.

இருவர் காதுக்குப் பின்னாலும் ஒரு காந்த வில்லையை ஒட்டினார் நிலோஃபர். ஆவுடையம்மைக்குத் தன் மூச்சுச் சத்தம் கேட்டது. பன்னிரண்டு வருடத்தில் அது அவளுக்குக் கேட்டதில்லை.

அலமாரியைக் கூடத்துக்கே உருட்டி வந்திருந்தார்கள். அவள் கை நேரே பச்சையிடம் போனது. எழுபத்தொன்று என்ற எண் நினைவுக்கு வந்தது, கை பின்வாங்கியது. பதினேழைத் தேடினாள், அதை மறுபடி எடுக்கக் கூடாது. சிவப்பை எடுத்தாள், அது எத்தனை விழும் என்று தெரியவில்லை. மஞ்சளை எடுத்தாள், அதுவும் தெரியவில்லை. தலை தானாக வலப்பக்கம் சாய்ந்தது. காதில் ஒன்றும் வரவில்லை. முப்பது வினாடி போயிருந்தது. பச்சையை மீண்டும் எடுத்து, வைத்து, மீண்டும் எடுத்தாள். கோமதியின் முகத்தை நினைக்கப் பார்த்தாள். நாலு வயது முகம்தான் வந்தது. பதினைந்து வினாடிதான் மிச்சம் என்று கடிகாரம் காட்டியபோது, உலகத்திலேயே கேட்கக் கூடாத ஓர் ஆளிடம் திரும்பினாள்.

"ஜெபமணி, நான் எதை எடுக்கட்டும்?"

அவன் இரு கைகளிலும் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்தபடி நின்றான். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"நானும் அதத்தான் உங்ககிட்ட கேக்கணும்னு நிக்கேன், அக்கா."

மணி அடித்தது. எறியப்படாத தட்டுகள் அவரவர் கையிலேயே இருந்தன. இன்னொரு நிமிடம் கொடுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். நடுவர் யோசித்தார். பிறகு, சுவரில் எழுதியிருந்த முழக்கத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, தலையை வலப்பக்கம் சாய்த்தார். கொடுக்க விதி இடம் தரவில்லை என்று ஒரு நொடியில் அறிவித்தார்.

மூன்றாம் நாள் கப்பல் புறப்பட்டது. எடை சமன் குலையாதிருக்க, காலியான இருக்கையில் அறுபத்தெட்டு கிலோ செம்மண் மூட்டையை வைத்து வாரால் கட்டியிருந்தார்கள். ஆவுடையம்மையும் ஜெபமணியும் கண்ணாடிச் சுவர் ஓரமாக நின்று பார்த்தார்கள். வெளியே புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஜெபமணி ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு தலையைச் சாய்த்தான். அதைச் சொல்ல வேண்டாம் என்று அறிவுரை வந்திருக்கும் போலும். தன் அறைக்குப் போய்விட்டான்.

அன்றைக்கு எதை எடுத்திருக்க வேண்டும் என்று ஆவுடையம்மை கேட்டாள்.

"பச்சை. நாற்பது முறை எறிந்து களைத்த உங்கள் கைக்கு அதுதான் பொருத்தம்" என்றது உசாத்துணை. கூடத்தில் இருந்த எல்லோரும் அன்றே கேட்டார்கள், எல்லோருக்கும் அதைத்தான் சொன்னேன் என்றும் சொன்னது.

அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கப்பல் ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் இல்லாமல் போனது. மார்புக்குள் என்னவோ செய்தது. அது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை.

"எனக்கு அழுகை வருமா?" என்று கேட்டாள்.

"பதினொரு நிமிடமாக அழுதுகொண்டிருக்கிறீர்கள்" என்றது அது.