நானூறு டியூப் ரத்தம்

"ஐயோ...!"

திங்கட்கிழமை காலை எட்டரை. மருத்துவக் கல்லூரியின் மூன்றாவது மாடியில் அந்த அலறல் கேட்டது.

ஆராய்ச்சி டாக்டர் உறைபெட்டியின் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மைனஸ் எண்பது டிகிரியில் இருக்க வேண்டிய பெட்டி. தரையெல்லாம் தண்ணீர். உள்ளே நானூறு டியூப் ரத்தம்... மாரடைப்பு வந்த நானூறு பெண்களுடையது. எட்டு வருட உழைப்பு உருகிக் கெட்டுப் போயிருந்தது.

பிளக்கை யாரோ பிடுங்கியிருந்தார்கள். அலாரத்தையும் அணைத்திருந்தார்கள்.

ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தாள். துறைத் தலைவர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர் எங்கம்மா?"

"நான்தான் சார். இந்த ரூமுக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு இந்தப் பொண்ணுகிட்ட."

முப்பத்தெட்டு வயது டாக்டர்... அவருக்கு இன்னும் பொண்ணுதான்.

"புதன்கிழமை விசாரணைக் கமிட்டில இது என்னைப் பத்திப் புகார் பேசப் போகுது. கட்டுரைல இது பேரை நான் எடுத்துட்டேனாம், பெண்களை மட்டம் தட்டறேனாம். அனுதாபம் வேணும்ல... தானே பிடுங்கிட்டு தானே அழுவுது."

டாக்டர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"நானா மேடம்? ஆராய்ச்சி போச்சுன்னா என் வேலை போச்சு. வேலை போனவ பேச்சை எந்தக் கமிட்டி கேக்கும்?"

பெட்டியின் மேலிருந்த வெப்பப் பதிவுக் கருவியை இன்ஸ்பெக்டர் பார்த்தாள்.

"சனிக்கிழமை மதியம் ரெண்டு இருபதுக்குப் பிடுங்கியிருக்காங்க. அப்ப எங்க இருந்தீங்க சார்?"

"துறைக் கூட்டத்துல. ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் நாற்காலிய விட்டு அசையல."

"நடுவுல வெளிய போனீங்களே சார்..." என்றாள் டாக்டர் மெல்ல.

"நானா? கூட்டத்துல இருந்த எட்டுப் பேரையும் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் அவர்களை அங்கேயே வரவழைத்துக் கேட்டாள். எட்டு டாக்டர்களும் தலைவர் பக்கமே தலையாட்டினார்கள். பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. கேவலம்தான்!

"கூட்டத்துல இவங்களுக்கு என்ன வேலை?"

"குறிப்பு எழுதறது. எட்டு வருஷமா இதுதான் எழுதுது. அதெல்லாம் பொம்பளைங்க வேலைதானே?" தலைவர் சிரித்தார்.

"அந்த நோட்டு எங்க?"

"கூட்டம் முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டு என் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். சாவி என் பாக்கெட்லயே இருக்கு."

நோட்டைப் பெருமையாக எடுத்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள்.

"'2.14... தலைவர் வெளியே சென்றார். 2.31... திரும்பினார். அதுவரை கூட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது.' கீழ, 'படித்தேன், சரி'ன்னு உங்க கையெழுத்து."

தலைவரின் முகம் வெளுத்தது.

"அது... நான் படிக்கல. பொம்பள எழுதறதைப் போய் யாரு..."

எட்டுப் பேரில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "ஆமா மேடம். வெளிய போனார். இவங்க எங்க கூடவேதான் இருந்தாங்க."

டாக்டர் காலி டியூப் ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். உருகிய ரத்தம் திரும்பி வராது. அது அவளுக்கு வலித்தது.

"புதன்கிழமை நான் பேசத்தான் போறேன்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் தலைவரின் தோளைத் தொட்டாள்.

"வாங்க சார், ஸ்டேஷன்ல வாக்குமூலம் எழுதணும். அங்கயும் பொம்பளதான் எழுதுவா... இந்தத் தடவையாவது படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."