உத்தரத்தின் அடிப்பக்கம்

"அடுப்ப அணைச்சியா?"

கண்ணைத் திறப்பதற்கு முன்பே கணவர் கேட்டுவிட்டார். அந்த அறையில் அடுப்பே இல்லை. வெள்ளை விரிப்பு, வெள்ளைத் துண்டுகள், பழைய தீவனத் தொட்டியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கைகழுவும் தொட்டி. அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக வீட்டில் தினமும் கேட்ட கேள்வி, விடுதிக்கும் கூடவே வந்துவிட்டது.

"அணைச்சாச்சு" என்றாள் அவள்.

கிழக்கு வெளுக்கும்போதே அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சுவரோரம் சங்கிலி உரசியது. மாடு தலையை அசைத்தால் வரும் சத்தம். ஒன்று... பிறகு இன்னொன்று... ஆறு மாடுகளும்.

"உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்டுதா? சங்கிலி..."

அவர் முகம் இறுகியது. "செத்த மாடு எப்படி சங்கிலிய ஆட்டும்? அதுங்க யாரால செத்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். இந்த அறைதான் முன்பு அவர்களுடைய மாட்டுக்கொட்டகை. பால் கறந்த அவள்தான் விளக்கை அணைக்காமல் கூரை உத்தரத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள், அதில்தான் தீப்பிடித்தது என்றார்கள். ஆறு மாடுகளையும் அவிழ்க்க உள்ளே ஓடிய மாமனார் திரும்பி வரவில்லை. "ஆமா, நான்தான் மறந்துட்டேன்" என்று அவளே சொன்னாள். எரிந்த இடத்தில் கணவர் கால் வைக்கவில்லை. அந்த மாதமே பண்ணையை விற்றார்கள். வாங்கியவர்கள் அதைப் பணக்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக்கினார்கள். இப்போது கொழுந்தன்தான் பிடிவாதமாக அழைத்து வந்திருந்தான். அண்ணனுக்கு இந்த அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவனும் அவனே.

கதவு தட்டும் சத்தம். ஜன்னல் திறக்கவில்லை என்று நேற்று சொன்னதற்கு விடுதியின் தச்சர் வந்திருந்தார். பின்னால் கொழுந்தன்.

"நல்லாத் தூங்கினீங்களா சார்? மாட்டுக்குக் கிடைக்காத மெத்தையாச்சே!"

தச்சர் மட்டும் சிரித்தார். ஜன்னல் ஓரத்தை இழைத்துக்கொண்டே மேலே கை காட்டினார். "இங்க எல்லாமே புதுசு. அந்த உத்தரம் மட்டும் பழசு. எரிஞ்சதுதான், ஆனா இரும்பு மாதிரி நிக்குது. திருப்பிக்கூடப் போடல."

"எரிஞ்சதா? அடியில சுண்ணாம்புகூடப் போகலையே" என்றார் கணவர்.

"புகையத் துடைச்சதும் வெள்ளை வந்துருச்சு சார். கரியெல்லாம் மேல்பக்கம். தீ மேல பரண்ல, வைக்கோல்ல பிடிச்சிருக்கு. விளக்குல பிடிச்சிருந்தா இந்தக் கொக்கியச் சுத்தித்தான முதல்ல கருகும்?"

கணவர் நாற்காலியில் ஏறினார். கொக்கியைச் சுற்றித் தடவினார். வழவழவென்று இருந்தது. உத்தரத்தின் மேல்பக்கம் போன விரல்கள் கறுப்பாகத் திரும்பின.

தச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். இழைப்புளியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

"பரண்ல யாரு இருந்தா?" கணவர் அவளைத்தான் கேட்டார்.

அவள் ஒரு துண்டை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"நான்தாண்ணா..." கொழுந்தன் கதவில் சாய்ந்தபடி உடைந்தான். "அப்ப பதினேழு வயசு... திருட்டு சிகரெட். நான் இறங்கி ஓடினத அண்ணி பார்த்துட்டாங்க. வாயத் திறக்காதன்னு சொன்னாங்க. எத்தனையோ தடவ சொல்ல வந்தேண்ணா... இங்க வந்தாவது வாய் வருமான்னுதான்..."

அவர் இறங்கிய வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கை ஓங்கியது. அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"போதும்! அவன் தினம் தினம் செத்துக்கிட்டுதான் இருக்கான்."

"நீ ஏண்டி சுமந்த?"

"அப்பாவக் கொன்னவன்னு தெரிஞ்சா அவன் உயிரோட இருந்திருப்பானா? நான் வேற வீட்டுப் பொண்ணு, தாங்கிப்பேன்னு நினைச்சேன்..." குரல் உயர்ந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. "ஆனா நீங்க ஒரு நாளாவது சாப்டியான்னு கேட்டிருக்கீங்களா? அடுப்ப அணைச்சியா... அடுப்ப அணைச்சியா... இதத் தவிர வேற என்ன கேட்டீங்க?"

ஓங்கிய கை இறங்கியது. அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கொழுந்தன் அவள் காலருகே விழுந்து அழுதான். அவள் குனிந்து அவன் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

அவளுடைய இன்னொரு கையைக் கணவர் பிடித்தார். மணிக்கட்டில் கரி ஒட்டியது.

"காலையில..." என்றார். "சங்கிலி... எனக்கும் கேட்டுச்சு. வீட்லயும் தினமும் கேக்கும். உங்கிட்ட சொல்லத்தான் தைரியம் வரல."

சுவரோரம் மெல்ல, சங்கிலி போல ஏதோ உரசியது.

அவரும் அவளும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.