ஈரெட்டு பதினாலு

"என்ன அண்ணாச்சி இது? பதினாலு முத்துல்லா ஒட்டச் சொன்னேன்?"

கல்லாவில் இருந்தவன் நிமிர்ந்தான். அடடா, இவனையா அண்ணாச்சி என்றோம்! முப்பதுகூட இருக்காதே... அதிலும் அந்தக் கண்கள், மழையில் கழுவிவிட்ட மாதிரி அப்படி ஒரு பளிச்!

பிரேமா வேம்பார் பள்ளியில் வேதியியல் டீச்சர். தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில் பிடித்த மழை, பாடத்துக்காக அவள் இரண்டு வட்டங்களைப் பின்னி வரைந்து செய்த அட்டையிலிருந்த பிளாஸ்டிக் முத்துகளை உதிர்த்துவிட்டது. கண்ணில் பட்ட ஃபேன்ஸி கடைக்குள் ஓடிவந்தவள், முகத்தைக்கூடப் பார்க்காமல், "வட்டத்துக்கு எட்டு முத்து, மொத்தம் பதினாலு" என்று அட்டையை நீட்டியிருந்தாள்.

"எட்டும் எட்டும் பதினாறு டீச்சர். நீங்கதான் தப்பாச் சொல்லுதீங்கன்னு நானே ரெண்டு சேத்து ஒட்டிட்டேன்" என்றான் மகாராஜன், பெருமையாக.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இது ரெண்டும் குளோரின் அணு. வெளிச்சுத்துல ஆளுக்கு ஏழு எலக்ட்ரான்தான். எட்டு இருந்தாத்தான் நிம்மதி. அதனால ஆளுக்கு ஒண்ணை நடுவுல வைக்கும். அந்த ரெண்டும் ரெண்டு பேருக்கும் சொந்தம்."

"அப்போ யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்குடுக்கல?"

"இல்ல... பங்கு போட்டுக்கிடும். அதான் பிணைப்பு."

கூடுதலாக ஒட்டிய இரண்டையும் அவன் பிய்த்தெடுத்தான். பார்வையை மட்டும் பிய்க்கத் தெரியவில்லை.

அதன் பிறகு மழை இல்லாத நாளிலும் அவளுக்கு அந்தக் கடையில் ஏதாவது வேலை இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று அவன் அம்மா, "கல்யாணத்துக்கப்புறம் வேலை எதுக்கு? கடையில உக்காந்தாப் போதும்" என்றாள். மகாராஜன் வாயே திறக்கவில்லை. பிரேமா எழுந்து உள்ளே போய்விட்டாள். முன்பு வந்த இரண்டு வரன்களும் இதையேதான் கேட்டார்கள். இவனுமா...

பத்து நாள் அவன் அழைத்தும் அவள் போனை எடுக்கவில்லை. பதினோராம் நாள் பள்ளி வாசலில் பைக்கோடு நின்றான்.

"வேலைய விடச் சொல்ல வந்தீங்களாக்கும்?"

"குளத்தூர்ல வீடு பாத்துட்டு வாரேன். உங்க பள்ளிக்கூடத்துக்கும் என் கடைக்கும் நடுவுல... அம்மாட்ட சொல்லிட்டேன். அழுதாங்க. அப்புறம், அடுப்பங்கரை எந்தப் பக்கம்னு கேட்டாங்க." அவன் ஓரடி முன்னால் வந்தான். "அன்னைக்குப் பேசாம இருந்தது தப்புதான். நீங்க இல்லாம முடியல பிரேமா..."

அப்பாடா! பத்து நாளாக நெஞ்சை அடைத்திருந்தது பொலபொலவென்று கண்ணில் இறங்கியது.

"அந்த வீட்டுல தண்ணி வருதா?" என்றாள்.

"கொஞ்சம் உப்புத் தண்ணி..." அவன் தயங்கினான்.

"இருக்கட்டும். எனக்கு அந்த வீடு வேணும்... நீங்களும் வேணும்."