கேடயத்தில் யார் மேலே?

டாம்சினின் அப்பா ஹெட்லி ஆடு வளர்ப்பவர். அவளுடைய தாய்மாமா ஜாகோ மீன் பிடிப்பவர். மேட்டு ஊரான ட்ரெகோலின் சார்பில் அப்பாவும், துறைமுக ஊரான போர்த்வீனின் சார்பில் மாமாவும் ஊராட்சி மன்றத்தில் உறுப்பினர்கள்.

தனித்தனியாக இருந்த இரண்டு மன்றங்கள் அந்த வருஷம் ஒன்றாகிவிட்டன. புது மன்றத்துக்கு ஒரு கேடயச் சின்னம் தேவைப்பட்டது. ட்ரெகோலுக்கு ஒரு கிடா, போர்த்வீனுக்கு ஒரு கானாங்கெளுத்தி மீன். இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எதை மேலே வைப்பது என்பதில்தான் தகராறு.

"கிடாதான் மேல. எங்க ஊர் மேலதானே இருக்கு?" என்றார் அப்பா.

"மழை பெஞ்சா உங்க ஊர் மண்ணெல்லாம் எங்க துறைமுகத்துலதான் வந்து கிடக்கு மாப்பிள்ளை. மீன்தான் மேல," என்றார் மாமா.

மன்றச் செயலாளர் ரோஸ்வார்ன் அம்மையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பக்கத்துல பக்கத்துல வைக்கலாம். ஆனா கேடய வழக்கப்படி, பாக்கிறவங்களுக்கு இடப்பக்கம் இருக்கிறதுக்குத்தான் மரியாதை அதிகம்."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு இடப்பக்கத்துக்காகச் சண்டை வந்தது.

மாமா வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். டாம்சினைப் படகில் கூட்டிப்போவதும் நின்றது. அப்பாவின் வண்டியைக் கண்டால் மாமா சந்துக்குள் திரும்பிவிடுவார்.

"ஒரு ஆட்டுக்கும் மீனுக்கும் இவங்க பேசாம இருக்காங்கன்னு வெளிய சொல்லிடாத. சிரிப்பாங்க," என்றாள் அம்மா.

"எல்லாரும் ஏற்கெனவே சிரிச்சிட்டுதாம்மா இருக்காங்க."

டாம்சின் ஒரு கிடாவையும் ஒரு மீனையும் வரைந்து வெட்டி எடுத்தாள். மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தாள். தலைகீழாகக்கூட வைத்துப் பார்த்தாள். எப்படி வைத்தாலும் யாரோ ஒருவர் கோபித்துக்கொள்வார் என்று தெரிந்தது. பிறகு கத்தரிக்கோலை மறுபடி எடுத்தாள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இன்னைக்கு முடிவாகலன்னா சின்னமே வேண்டாம்னு விட்டுடலாம். பொதுமக்கள்ல யாராவது பேசணுமா?"

பின்வரிசையில் டாம்சின் கையைத் தூக்கினாள். அப்பா திரும்பிப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். அவள் முன்னால் போய்க் காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள்.

முன்பாதி கிடா. சுருண்ட கொம்பு, இரண்டு முன்னங்கால்கள். பின்பாதி கானாங்கெளுத்தி. வரி போட்ட முதுகு, பிளந்த வால்.



"என்ன கண்றாவி இது," என்றார் அப்பா மெதுவாக.

"தலை முழுக்க ஆடு. எங்களுக்கு வெறும் வாலா?" என்றார் மாமா.

"வால் இல்லன்னா அது தண்ணியில நகராது மாமா."

"தண்ணிக்குள்ள என் கிடாவுக்கு என்ன வேலை?" என்றார் அப்பா.

டாம்சின் காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.  "நானும் இப்படித்தான் இருக்கேன். மூஞ்சி அப்பா மாதிரி. நீச்சல் அம்மா மாதிரி, மாமா சொல்லிக் குடுத்தது. என்கிட்ட எந்த ஊர் மேல, எந்த ஊர் கீழன்னு யாரும் கேட்டதில்ல. நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தா நான் எந்தப் பக்கம் உக்கார்றது?"

அப்பா தன் பூட்ஸைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார்.

ரோஸ்வார்ன் அம்மையார் இருமினார். "பழைய கேடயங்கள்ல மீன் வால் வச்ச குதிரை உண்டு, சிங்கம் உண்டு. கிடாவுக்கும் தடை இருக்காது."

"அந்த முதுகு வரி தப்பு," என்றார் மாமா கடைசியில். "கானாங்கெளுத்திக்கு இன்னும் வளைஞ்சு வரும்."

"கொம்பும் இன்னொரு சுத்து சுத்தணும்," என்றார் அப்பா. "பென்சில் இருக்கா மச்சான்?"

மாமா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இருவரும் ஒரே காகிதத்தின் மேல் குனிந்தார்கள். தலைவர் வாக்கெடுப்பு நடத்தினார். எதிர்த்து ஒரு கையும் உயரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வந்தார். அந்த விலங்கு புல் தின்னுமா, கடற்பாசி தின்னுமா என்று அவரும் அப்பாவும் மேசையைத் தட்டித் தட்டி வாதாடினார்கள். தட்டில் கடைசியாக இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்றே ஒன்று மிச்சமிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. டாம்சின் கவனித்தாள்.